செல்லியம்மாளின் கட்டைவிரல்

தென்னேரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், காஞ்சிபுரத்து நெசவாளர்களுக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தவள் செல்லியம்மாள். 1965-ஆம் வருஷம் அவளைப் பஞ்சாயத்தில் பெண் உறுப்பினராகப் போட்டார்கள். பெண் ஒருத்தி இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அவள் வாயில்லாப் பூச்சியாக இருந்தால் தேவலை என்பது தலைவர் பரசுராமனின் கணக்கு.

அவளுக்குக் கூட்டமெல்லாம் வீட்டு வாசலில்தான். குமாஸ்தா துரைக்கண்ணு, கூட்ட நடவடிக்கைகளை எழுதும் மினிட் புத்தகத்தை நீட்டி, "இங்க கைநாட்டு வையும்மா" என்பார். வைப்பாள். மை விரலால் பட்டைத் தொட்டுவிடக் கூடாதே என்று புளி போட்டுத் தேய்ப்பாள். வேறு கவலை அவளுக்கு இருந்ததில்லை.

மாசியில், அவளோடு நூல் சுற்றும் காந்தா ஊர்ப் பொதுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போனாள். கிணற்றுச் சுவர் இடிந்து கிடந்த பக்கம் கால் வழுக்கி, உள்ளே விழுந்து செத்தாள். காரியம் முடிந்ததும், ஊர்ப் பெண்களுக்கென்று அரசாங்கம் போட்ட கிராம சேவிகா மனோன்மணி மினிட் புத்தகத்தைப் படித்துக் காட்டினாள்: 'கிணற்றுச் சுவர் பழுது பார்க்கப்பட்டு நல்ல நிலையில் உள்ளது.' கீழே செல்லியம்மாளின் கைநாட்டு. தை மாதம் வைத்தது.

அன்றிலிருந்து நூல் அவள் விரலிடுக்கில் ஈரமாக ஓடியது. மற்றவர்கள் தொட்டுப் பார்த்து, உலர்ந்துதான் இருக்கிறது என்றார்கள். கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டால், "ஏன் செல்லி, நீதானே சொவரு நல்லாக்குதுன்னே?" என்று காந்தா கேட்பாள். பட்டப்பகலில் கேட்பாள். செல்லியம்மாள் காதைப் பொத்திக்கொள்வாள்.

ஆடிக்குள் மனோன்மணியிடம் பெயர் எழுதக் கற்றாள். மாதர் சங்கத்துப் பெண்கள் பத்துப் பேரோடு பஞ்சாயத்துக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா, புத்தகந்தான் ஊட்டுக்கே வருதே?" என்றார் பரசுராமன்.

"எழுதச் சொல்லுண்ணா. சொவரு இடிஞ்சுதான் கெடந்துது. அதனாலதான் காந்தா செத்தா."

"செத்தவ திரும்பியா வரப்போறா? சொவரு கட்டிக் குடுத்துடறேன், வுடும்மா."

"சொவரையும் கட்டு. இதையும் எழுது."

பரசுராமன் அதட்டிப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். பெண்கள் அசையவில்லை. கடைசியில் அவர் தலையாட்ட, துரைக்கண்ணு எழுதி, பேனாவை நீட்டினார். "இப்பத்தான் கையெழுத்து வருதேம்மா, போடு."

செல்லியம்மாள் மைப்பெட்டியை இழுத்துக்கொண்டாள். "அன்னிக்குப் பொய் சொன்னது இந்த வெரலுதாண்ணா. நெசத்தையும் அதுவே சொல்லட்டும்."

ஐப்பசி மழைக்கு முன் சுவர் எழும்பியது. ஊர்ப் பெண்கள் அதில் சாய்ந்து தண்ணீர் இறைத்தார்கள். செல்லியம்மாளுக்கு மட்டும், சாகிறவரை, நூல் ஈரமாகவே ஓடியது.