புள்ளி வைக்கிற நாள்

உள் அறையில் 'டிங்' என்று ஒரு சத்தம். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியும் கையுமாக ஓடினார். சார்ஜில் கிடந்த போனில் ஏதோ கடையின் தள்ளுபடி விளம்பரம். திரும்பி வந்து, கலங்கிய கண்ணுக்கு வெங்காயத்தின் மேல் பழி போட்டுவிட்டு நறுக்கினார்.

எங்களுக்கு மேல் மாடியில் குடியிருக்கிற இவர், பாட்டில் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் தரம் பார்த்தவர். ஓடுகிற பாட்டிலில் மயிரிழை விரிசலையும் பிடித்துவிடுவார். போன வருடம் அந்தக் கண்ணுக்குப் பதிலாக ஒரு கேமராவை வைத்தார்கள்.

இப்போது காலை ஒன்பதுக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்காருகிறார். வேலை தேடும் தளத்தில் தன் விவரத்தை ஒருநாள் திருத்தாவிட்டாலும் பெயர் அடிக்குப் போய்விடுமாம். திருத்த என்ன இருக்கிறது? கடைசி வரியில் ஒருநாள் முற்றுப்புள்ளி வைப்பார், மறுநாள் எடுப்பார்.

"இன்னைக்கு வைக்கிற நாள்," என்றார் என்னிடம்.

ஊருக்கு அவர் 'சும்மா இருக்கிறவர்'. சும்மாவாம்! டிக்கெட், வரி, பரீட்சை விண்ணப்பம் எல்லாம் அந்தத் தலையில்தான். நானும் என் மின் இணைப்பு மனுவோடுதான் போயிருந்தேன்.

அன்று பதினொரு மணிக்கு போனில் வீடியோ நேர்காணல். ஏழு மாதத்தில் வந்த முதல் அழைப்பு. பத்தரைக்கே வந்து இறங்கினார் மனைவியின் அண்ணன், மகளின் கல்லூரி விண்ணப்பத்தோடு. வீடு அவருடையது; அதை ஒருநாளும் மறக்கவிட்டதில்லை. நேர்காணல் இருக்கிறது என்று இவர் சொல்ல வாயெடுத்ததை அவர் காதில் வாங்கவே இல்லை.

"சும்மாதானே இருக்கீங்க மாப்ள, தட்டிவிடுங்க."

கையெழுத்துப் படம் பெரிது என்று தளம் மூன்று முறை துப்பியது. மணி பதினொன்று. மேசையில் சாய்த்து வைத்திருந்த போன் அலறியது. இவர் கை நீளுமுன் மச்சானின் விரல் முந்திக்கொண்டது.

"எவனோ கூப்பிடறான். இதை முடிச்சுட்டுப் பேசிக்கலாம்."

அழைப்பு செத்தது. 'விண்ணப்பதாரர் மறுத்துவிட்டார்' என்று திரையில் ஒரு வரி. பாவி மனுஷா! ஏழு மாதத் தவத்தை ஒரு விரலால் நசுக்கிவிட்டாயே!

இவர் எழுந்தார். குரல் உயரவில்லை.

"கிளம்புங்க மச்சான். எனக்கு வேலை இருக்கு."

"வேலையா? எப்போ கிடைச்சுது?"

"தேடுற வேலை."

என் மனுவை மடித்துப் பைக்குள் திணித்தேன். இது யார் வீடு என்று முணுமுணுத்தபடியே மச்சான் படி இறங்கினார். இவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். வந்து உட்கார்ந்து, காலையில் வைத்த முற்றுப்புள்ளியை எடுத்தார்.