பூஜ்ஜியம் எழுதத் தயங்காத எங்கள் அக்கா

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கி, வழக்கம்போல முதலில் படங்களைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கத்துக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். அக்கா பொறுமையே உருவானவர் என்று எழுதினால் அவரை அறிந்த யாரும் நம்ப மாட்டீர்கள். அன்பு நிறைய இருந்தது. பொறுமை கொஞ்சமும் கிடையாது. வீட்டுக்கு வந்தவர் சுற்றி வளைத்துப் பேசினால், "விஷயத்துக்கு வாங்க, இட்லி ஆறுது" என்று சொல்லிவிடுவார். அந்த இட்லியையும் அவரேதான் எடுத்து வைப்பார்.

அக்காவின் கணவரான மாமாவின் தொழில் படுத்து எழுந்த கதையை இதில் எழுதலாமா என்று மாமாவிடமே கேட்டேன். "எழுதும்மா. அவளைப் பத்தி எழுதணும்னா அதைத்தான் எழுதணும். என்னை மட்டும் ரொம்ப வாராதே" என்றார். முதல் பாதிக்குச் சம்மதித்திருக்கிறேன்.

அக்கா பிறந்தது பட்டாபிராமில். அப்பாவுக்கு ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சம்பளம் வந்த வாரம் வீட்டில் மீன் மணக்கும், மாதக் கடைசியில் மிளகு ரசம் மணக்கும். இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்ய வேண்டும் என்று எங்கள் வீட்டில் முதலில் யோசித்தவர் அக்காதான். பள்ளியில் படிக்கும்போதே அம்மாவிடம் பேசி, மீன் வாரத்தை இரண்டாகப் பிரித்து வைத்தார். அப்பாவுக்கு அதில் வருத்தம்தான். ஆனால் மாதக் கடைசியில் தட்டில் மீன் விழுந்ததும் சமாதானமாகிவிட்டார்.

ரயிலில் போய் வந்து பி.காம். முடித்த அக்கா, அம்பத்தூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே மழையில் நனைந்த பில்களைப் பிளாஸ்டிக் பையில் எடுத்துக்கொண்டு வந்தவர்தான் மாமா. அந்தப் பில்களைக் காயவைத்து அடுக்கிக் கொடுத்த பெண்ணை அவருக்குப் பிடித்துப் போனது. பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அக்கா அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டுக்கு வாழ வந்தார்.

மாமாவுக்கு அங்கே ஒரு பட்டறை. தகட்டை வெட்டி அழுத்தும் இரண்டு பவர் பிரஸ், ஒரு டிரில்லிங் மெஷின், வண்டிகளுக்கான வாஷரும் கிளாம்பும் அடித்துக் கொடுக்கும் வேலை. அம்பத்தூரில் இரண்டு பிரஸ் போட்டாலே அது கம்பெனிதான். அம்மன் பெயரைக் கம்பெனிக்கு வைத்திருந்தார்கள். கல்யாணமான புதிதிலேயே மாமா ஒரு பாகப்பிரிவினை செய்துவிட்டார். வீட்டுக் கணக்கு அக்காவுக்கு, கம்பெனிக் கணக்கு மாமாவுக்கு. ஆடிட்டர் அலுவலகத்தில் பத்து கம்பெனிக் கணக்கைப் பார்த்தவருக்குச் சொந்தக் கம்பெனிக் கணக்கில் இடமில்லை. மகள் காவ்யா பிறந்து, வளர்ந்து, கல்லூரிக்குப் போகும்வரை இந்த ஏற்பாடு ஓடியது. வேலை நிறைய இருந்ததால் யாருக்கும் அது உறுத்தவில்லை.

அந்த வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. 'இல்லை' என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது. அரிசி தீர்ந்தால் "அரிசி வாங்கணும்" என்றுதான் சொல்ல வேண்டும், "அரிசி இல்லை" என்று சொன்னால் மாமாவின் அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும். பெரும்பாலான நம் வீடுகளில் உள்ளதுதான், தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் மாமா இந்த வழக்கத்தை எங்கே கொண்டுபோய் வைத்தார் என்பதுதான் விஷயம்.

சில ஆண்டுகளுக்கு முன் வண்டித் தொழில் சுணங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். பெரிய கம்பெனிகள் தும்மினால் மேனாம்பேட்டுக்குக் காய்ச்சல் வரும். மாமாவுக்கு வழக்கமாக வேலை கொடுத்த இடம் முதலில் பாதியாகக் குறைத்தது, பிறகு நிறுத்தியே விட்டது. சில மாதங்கள் ஒரு பில்கூடப் போடவில்லை. ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்துவந்தவர் மாமாவை அழைத்து, "வியாபாரம் இல்லேன்னாலும் பரவாயில்ல அண்ணே, பூஜ்ஜியம்னு போட்டு ரிட்டர்ன் தாக்கல் பண்ணிடணும்" என்று சொல்லியிருக்கிறார்.

மாமா மறுத்துவிட்டார். "அம்மன் பேர்ல இருக்குற கம்பெனி. அதுல நானே பூஜ்ஜியம்னு எழுதினா அதுவே நிலைச்சுப்போயிடும். ஆர்டர் வரட்டும், சேர்த்துப் போட்டுக்கலாம்" என்றாராம். அந்தக் கணக்குக்காரருக்குக் கொடுக்க வேண்டிய கூலியும் பாக்கி இருந்ததால், வெட்கப்பட்டு அந்தப் பக்கம் போவதையும் மாமா நிறுத்திக்கொண்டார். வரி அலுவலகத்திலிருந்து வந்த அறிவிப்புகள் பழைய மின்னஞ்சல் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தன. அதைத் திறந்து பார்க்க ஆளில்லை.

வீட்டில் எதுவும் தெரியாது. மாமா காலையில் குளித்து, திருநீறு பூசி, டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போய் ஓடாத பிரஸ்ஸுக்கு எண்ணெய் போட்டுவிட்டு மாலையில் திரும்பி வருவார். அக்கா கேட்டால், "போய்க்கினு இருக்கு" என்பார்.

பிறகு ஒருநாள் நல்ல சேதியே வந்தது. ஆவடி பக்கத்தில் ஒரு கம்பெனி கிளாம்ப் வேண்டும் என்று அழைத்தது. மாமா பூரித்துப் போனார். அவர்கள் மாமாவின் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டுப் பார்த்தார்கள். மாதக்கணக்கில் கணக்குத் தாக்கல் செய்யாததால் அது ரத்து ஆகியிருந்தது. பதிவு இல்லாதவரிடம் வாங்க மாட்டோம் என்று நாகரிகமாகச் சொல்லி போனை வைத்துவிட்டார்கள். மாமா அதையும் வீட்டில் சொல்லவில்லை. பட்டறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மாங்காட்டுக் கோவிலில் போய் உட்கார ஆரம்பித்தார்.

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னது ஏழுமலை. கம்பெனி தொடங்கியதிலிருந்து பிரஸ் ஓட்டுபவர். சம்பளம் பாதியாகி, பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வழியில்லாமல் வேறு வேலை பார்க்கலாமா என்று கேட்க வீட்டுக்கு வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காத. நான் வேற எடம் பாக்கட்டா? ஆர்டர் வந்தும் நம்பர் கேன்சலாயிப் போச்சுன்னு அண்ணாத்தே சொல்லாம கம்முனு கீறாரு. ஷட்டர் தொறக்கவே வர்றதில்ல" என்றார்.

அக்கா சமையலறையிலிருந்து வந்து நின்றார். "எந்த நம்பர்?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மாமா வீடு திரும்பியதும் அக்கா போட்ட சத்தத்தைப் பக்கத்துத் தெருவும் கேட்டிருக்கும். "கம்பெனி படுத்ததுக்கு நான் கோச்சுக்கலை. ஊருக்கே படுத்திருக்கு. என்கிட்ட சொல்லாததுக்குத்தான் கோவம். பூஜ்ஜியம் எழுத வெட்கமா உங்களுக்கு? எழுதாம விட்டதாலதானே இப்ப நிஜமாவே பூஜ்ஜியமா நிக்கிறோம்!" மாமா அழுதார். அந்த மனிதர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல்முறை. அக்கா அதற்குமேல் திட்டவில்லை. தட்டில் சோறு போட்டு எதிரில் உட்கார்ந்து, "சாப்பிடுங்க. நாளைக்கு ரெண்டு பேரும் போறோம்" என்றார்.

மறுநாள் கணக்குக்காரரைப் பார்த்து, பாக்கியை அடைப்பதாக வாக்குக் கொடுத்து, விட்டுப்போன மாதங்களுக்கெல்லாம் பூஜ்ஜியக் கணக்கைத் தாக்கல் செய்யச் சொன்னார். வியாபாரமே நடக்காத மாதங்கள் என்பதால் தாமதக் கட்டணம் மாமா பயந்த அளவுக்கு இல்லை. அக்கா தன் நகைச் சீட்டை முடித்து அதைக் கட்டினார். பதிவைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்தார்கள். அதற்கும் ஒரு கெடு உண்டு, அது தாண்டிப்போகச் சில நாட்களே மிச்சம் என்று அப்போதுதான் தெரிந்தது. விளக்கம் கேட்டு அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஏன் தாக்கல் செய்யவில்லை என்று அதிகாரி கேட்டதற்கு மாமா உடம்பு சரியில்லை என்று ஆரம்பித்திருக்கிறார். அக்கா குறுக்கே புகுந்துவிட்டார்.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு. வியாபாரம் இல்லை. இல்லைன்னு எழுதினா அபசகுனம்னு நினைச்சிட்டார். இனிமே மாசாமாசம் நான் பார்த்துக்கறேன்."

அந்த அதிகாரி சிரித்துவிட்டாராம். "எங்க வீட்டுலயும் இப்படித்தாம்மா" என்றாராம். பதிவு திரும்பக் கிடைத்தது. அது வரும்வரை ஆவடி கம்பெனி காத்திருக்குமா என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது. அக்கா அங்கேயும் நேரில் போய், நடந்ததை மறைக்காமல் சொல்லி, கொஞ்சம் அவகாசம் கேட்டார். முழு ஆர்டரையும் அவர்கள் வைத்திருக்கவில்லை. ஒரு பங்கு மட்டும் கிடைத்தது. பிரஸ் ஓடும் சத்தத்தைக் கேட்க அந்த ஒரு பங்கே போதுமாக இருந்தது.

அதன் பிறகு கம்பெனிக் கணக்கும் அக்காவிடம் வந்தது. முதல் வேலையாகக் கம்பெனிக்கும் வீட்டுக்கும் நடுவில் சுவர் வைத்தார். மாமா கல்லாவிலிருந்து அள்ளிக்கொண்டு வருவது நின்றது. முதலாளிக்கும் மாதச் சம்பளம், அதுவும் ஏழுமலை சம்பளம் வாங்கிய பிறகு. வாடிக்கையாளர் தரும் வரிப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிடுவார். "அது நம்ம காசு இல்ல, நம்ம வீட்டுல தங்கிட்டுப் போற விருந்தாளி. விருந்தாளி பையில கையை விடுவீங்களா?" என்று மாமாவைக் கேட்பார். தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய், வீட்டுக் கடனின் காலத்தை நீட்டித் தவணையைக் குறைத்துக்கொண்டார். அவசரத்துக்கு, மணிக்கணக்கில் ஏறும் மீட்டர் வட்டிக்கு வாங்கலாம் என்று யாரோ சொன்னபோது, சொன்னவருக்குக் காபிகூடக் கிடைக்கவில்லை. காரை விற்றார். மருத்துவக் காப்பீட்டை மட்டும் விடவில்லை. "காரு இல்லேன்னா பஸ்ஸுல போலாம். ஆஸ்பத்திரிக்குப் பதிலா எங்க போறது?" என்றார்.

உறவுக்காரர்கள் சிலருக்கு அந்த நாட்களில் அக்கா மேல் வருத்தம் இருந்ததை நான் அறிவேன். என் மகளின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் முறைக்கு நிகராகப் பெரியம்மா வீட்டுச் சீர் வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அக்கா ஒரு பட்டுப்பாவாடையோடு வந்து, சபையிலேயே, "இந்த வருஷம் எங்களால இவ்வளவுதான் முடிஞ்சது" என்று சொல்லிவிட்டு முன் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்குக் கண் கலங்கியது. பெருமையில்தான்.

பட்டறைத் தெருவிலும் அதைச் சுற்றியும் யார் யார் வாய் திறக்காமல் முழுகிக்கொண்டிருந்தார்கள் என்பது அதன் பிறகுதான் வெளியே வந்தது. அக்காவைப் பார்த்து ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். பூந்தமல்லியிலிருந்து இரும்பு ஷீட் சப்ளை செய்யும் ஷரீப் பாய், வரவேண்டிய பணம் வராமல் கடையை மூடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஷெட்டில் பெயிண்ட் அடிக்கும் வேலை எடுத்துச் செய்யும் தேவி, கணவர் தவறிப்போன பிறகு எந்தக் கணக்கும் புரியாமல் பதிவையே விட்டுவிட இருந்தார். "எடுத்துக்கிட்டு வா, உட்காரு, நீயே போடு, நான் பார்க்கறேன்" என்று தேவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அக்கா பழக்கினார். தொழில் மெல்ல மெல்லத் திரும்பியபோது அந்தத் தெருவில் ஷட்டர் நிரந்தரமாக இறங்கிய கடை ஒன்றுமில்லை. அதற்கு அக்காதான் காரணம் என்று சொன்னால் அவரே என்னைத் திட்டுவார். ஆனால் அவரும் காரணம்.

நோய் வந்தபோதும் அவர் மறைக்கவில்லை. மருத்துவர் சொன்னதை அன்றே காவ்யாவிடமும் மாமாவிடமும் சொன்னார். காப்பீடு இருந்ததால் சிகிச்சைக்குப் பிரஸ்ஸை விற்கும் நிலை வரவில்லை. கடைசி மாதங்களில் அவருக்கு ஒரே கவலைதான். "இந்த மனுஷன் மறுபடியும் வாயை மூடிக்கிட்டு கோவில்ல போய் உட்கார்ந்திடுவார்டீ. பட்டறையும் போகும், இவரும் போவார்" என்று என்னிடம் சொல்லிக் கண்ணீர் விட்டார். நான் சமாதானம் சொன்னேன். எனக்கே நம்பிக்கை இல்லை. அக்கா போனதும் ஷட்டர் இறங்கியது. மாமா யாரோடும் பேசவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இலை எடுத்த பிறகு, கிளம்பத் தயாரான சபையில் மாமா எழுந்து நின்றார். வந்தவர்களுக்கு நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தோம்.

"எனக்குத் தனியா கம்பெனியை நடத்தத் தெரியல. இத்தனை வருஷம் அவதான் நடத்தினா. கையிலயும் இப்ப பெருசா ஒண்ணும் இல்லை. யாராவது கூட இருந்தா திறக்கறேன்" என்றார். முழுவதையும் சொல்லி முடித்தார்.

முதலில் எழுந்தது ஏழுமலை. "இன்னா அண்ணாத்தே இப்டி கேட்டுக்கினு? எங்கள வுட்டா ஒனக்கு யாரு கீறா?" என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். ஷீட்டை அனுப்பி வைக்கிறேன், பணத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார் ஷரீப் பாய். சனிக்கிழமைகளில் தான் வந்து பார்ப்பதாகக் காவ்யா சொன்னாள். "மாசக் கணக்கை நான் போடறேன். எனக்கு அக்கா கத்துக்கொடுத்திருக்காங்க" என்றார் தேவி.

சிகிச்சையில் துணை நின்ற மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், குறையும் நிறையுமாக அக்கா செய்த சீரை மனமுவந்து ஏற்றுக்கொண்ட சொந்தங்களுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த மேனாம்பேட்டு மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இதைப் படிப்பவர்களில் யாருக்காவது இப்போது கை இறுக்கமாக இருந்தால், எங்கள் வீட்டுக்கு வந்து வாய்விட்டுச் சொல்லுங்கள். இட்லி உண்டு.

காரியம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை காலை, துணைக்கு இருக்கட்டுமே என்று நான் மாமாவோடு பட்டறைக்குப் போனேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தெருமுனையிலேயே மாமா நின்றுவிட்டார். மூடிய ஷட்டருக்கு முன்னால், ஏழுமலை, ஷரீப் பாய், தேவி, தெருக்காரர்கள் என எல்லாரும் அவர் வருவதற்காகக் காத்திருந்தார்கள்.