அலுமினியம் பற்றவைத்த எங்கள் அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்கள் பலரும் எங்கள் அக்காவைக் கல்யாணப் பந்தியிலும் கோயில் கொடையிலும் பார்த்திருப்பீர்கள். அத்தானின் முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு கடைக்குள் நின்ற அக்காவைப் பார்த்தவர்கள் குறைவு. அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், தங்கையாகிய நான் அந்த அக்காவைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

அக்கா பிறந்தது புதூர்ப் பக்கத்துக் கரிசல் கிராமம். மழை இல்லாத வருடங்களில் அப்பா வெளியூர் வேலைக்குப் போய்விடுவார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, அக்கா தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலையாட்களை ஏற்றிச்செல்லும் வண்டியில் ஏறினார். நானும் வருவேன் என்று ஒருநாள் அழுதபோது, "நீயும் ஏறிட்டா, நான் எதுக்குட்டி ஏறுனேன்? பேசாம பள்ளிக்கூடத்துக்குப் போ" என்று விரட்டினார். இன்று நான் ஆசிரியையாக இருப்பது அந்த விரட்டலால்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. அத்தான் கோவில்பட்டியில் பிரிட்ஜ் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். செம்புக் குழாயைப் பற்றவைப்பதில் கெட்டிக்காரர். அலுமினியம்தான் அவருக்கு அடங்கவில்லை. செம்பு சூடேறினால் சிவந்து காட்டும். அலுமினியம் நிறமே மாறாமல் இருந்துவிட்டு, திடீரென்று உருகி விழும். ஒரு டீக்கடைப் பிரிட்ஜின் குழாய் அப்படி விழுந்த அன்று, அத்தான் கையிலிருந்த ஒட்டுக்கம்பியைப் போட்டுவிட்டு, "இது குழாயா வெண்ணெயா?" என்று கத்தினார்.

பக்கத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த அக்கா மெதுவாகச் சொன்னார்: "இந்தாங்க, நீங்க பூசுன அந்த வெள்ள மாவு, விழுகதுக்குக் கொஞ்சம் முந்தி தண்ணி மாதிரி தெளிஞ்சுது. அப்பமே கம்பிய வச்சுப் பாப்பமா?"

அந்த மாவு, உலோகம் நன்றாக ஒட்டுவதற்காகப் பூசும் பிளக்ஸ் என்னும் பொடியைத் தண்ணீரில் குழைத்தது. அடுத்த குழாயில் அது தெளிந்ததும் அக்கா "இப்பம்!" என்றார். அத்தான் கம்பியை வைத்தார். அது ஈயம்போல் உருகி ஓடி ஒட்டிக்கொண்டது. அதன்பிறகு அலுமினிய வேலை வந்தால் அத்தான் கையும் அக்கா கண்ணும் சேர்ந்தே வேலை செய்தன.

சில வருடங்களில் சர்க்கரை வியாதி அத்தானின் பார்வையை மங்கச் செய்தது. "இனிமே நெருப்ப நீயே பிடி" என்றார். அக்கா பயந்தார். பழைய இரும்புக் கடையில் கிடைத்த குழாய்த் துண்டுகளை வைத்துப் பழகினார். பல துண்டுகள் ஓட்டையாயின, சட்டைக்கை கருகியது. ஓட்டை விழாமல் ஒட்ட வந்தபிறகே வாடிக்கையாளர் வேலையைத் தொட்டார். "அண்ணாச்சி இல்லையா?" என்று வருகிறவர்களிடம், "உள்ளதான் இருக்காவ. ஆனா பத்தவைக்கது நாந்தான்" என்பார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு கோடையில் பக்கத்துத் தெருவில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் இறந்துபோனார். அவருடைய ஒரே மகள் மும்பையிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தாள். உடலை வைத்திருந்த குளிர்பெட்டி மதியம் குளிராமல் போயிற்று. வேறு பெட்டி கிடைக்கவில்லை. அத்தானும் அக்காவும் போய்ப் பார்த்தபோது, பெட்டியின் அலுமினியக் குழாயில் கீறல் விழுந்து குளிரூட்டும் கேஸ் முழுவதும் வெளியேறியிருந்தது.

உடலைக் கட்டிலுக்கு மாற்றி, சுற்றிலும் ஐஸ் கட்டி வைத்தார்கள். பெட்டியை முற்றத்துக்கு எடுத்தார்கள். அக்கா சட்டையை மாட்டியதும் ஒரு பெரியவர், "துட்டி வீட்டுல பொம்பள நெருப்பு பிடிக்கதாவது! ஆம்பள ஆளக் கூப்பிடுங்க" என்றார்.

இறந்தவரின் மனைவி எழுந்து வந்தார். "அவிய செய்யட்டும். எம் மவ அவ அப்பா மூஞ்சியப் பாக்கணும்" என்றார். பெரியவர் விலகினார்.

அக்கா கட்டிலின் பக்கம் திரும்பிக் கைகூப்பி, "அண்ணாச்சி, கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க" என்றார். பிறகு குழாயைக் கம்பி பிரஷால் தேய்த்து, பிளக்ஸ் பூசி, சுடரைக் காட்டினார். சூடு நிற்கவில்லை. உறவுக்காரர்களுக்காக வைத்திருந்த பெரிய மின்விசிறியின் காற்று சுடரைக் கலைத்தது. "காத்தாடிய நிறுத்தணும்" என்று அக்கா தயங்கிக்கொண்டே சொன்னார். அந்த வெக்கையில் யாரும் அசையவில்லை. இறந்தவரின் மனைவியே போய் அதை நிறுத்தினார். அக்கா மறுபடியும் சுடரைக் காட்டினார். சுடரின் சத்தம் மட்டும் கேட்டது. மாவு தெளிந்தது, அக்கா கம்பியைத் தொட்டு எடுத்தார்.

ஒட்டிய இடத்தை வெந்நீரால் கழுவி, காற்றேற்றி, சோப்பு நுரை பூசிப் பார்த்தார்கள். குமிழி வரவில்லை. அத்தான் கேஸ் நிரப்பினார். பெட்டி குளிர்ந்ததும் உடலை மறுபடி அதற்குள் வைத்தார்கள். மறுநாள் காலையில் மகள் வந்து, அப்பாவின் கன்னத்தில் கன்னத்தை வைத்து அழுதாள். அன்று அக்கா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். "வேல நல்லா அமைஞ்சுதுன்னு சந்தோசப்படவும் முடியலட்டி, அந்தப் பிள்ள அழுதத நினைச்சா" என்றார்.

போன வருடம் சிறுநீரகக் கோளாறு அக்காவைப் படுக்கையில் தள்ளியது. தன் வலியைவிட, அத்தானுக்கு யார் இன்சுலின் ஊசி போடுவார் என்பதே அவருக்குக் கவலை. அதுவரை தினமும் அக்காதான் போட்டுவந்தார். திருநெல்வேலி மருத்துவமனையில், நர்ஸ் மருந்தேற்றிக் கொடுத்த ஊசியை அத்தான் கையில் வைத்து, "தொட்டுப் பாத்துப் போடுங்க. நான் சொல்லுதேன்" என்றார். அத்தான் மாட்டேன் என்று குழந்தைபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்காவின் கடைசி நாள் வரை அந்த மல்லுக்கட்டு முடியவில்லை.

அந்நாட்களில் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், இரத்தம் கொடுத்த ஒர்க்‌ஷாப் தம்பிமார்களுக்கும், அக்காவைத் தாய்போல் கழுவித் துடைத்த செவிலியர்க்கும், இறுதிச் சடங்கில் தோள்கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள் காலை, அடுத்த வீட்டு நர்ஸிடம் மருந்தேற்றி வாங்கிக்கொண்டு அத்தான் அறைக்குள் போனார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து என்னைக் கூப்பிட்டார்.

"யம்மா, நானே போட்டுக்கிட்டேன். வலிக்கவே இல்ல. இத அவகிட்ட சொல்ல முடியலையே."