நிலக்கோட்டைக்குக் கண் வரையப் போனேன்

1963 சித்திரையில் நான் திண்டுக்கல் போனதற்குக் காரணம், எனக்குப் படம் வரையத் தெரியும் என்பதுதான். சென்னையில் பள்ளி ஓவிய ஆசிரியன், கோடை விடுமுறை. இண்டர்மீடியட்டில் என் அறைத்தோழனாக இருந்த காசிம் திண்டுக்கல்லில் டாக்டராகியிருந்தான். ‘எனக்குக் கோடு நேராக வராது. ஒரு வாரம் வந்து வரைந்து கொடு. பிரியாணிக்கு நான் பொறுப்பு’ என்று கார்டு போட்டிருந்தான். பொறுப்பை ஒழுங்காக நிறைவேற்றினான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எழும்பூரில் மாலை ரயில், மூன்றாம் வகுப்பு, பத்து ரூபாய்ச் சில்லறை. காலை ஆறரைக்குத் திண்டுக்கல்.

காசிம் குடும்பத்துக்குத் தோல் வியாபாரம். அவனோ மூளைக்குள் ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்கள் எப்படிக் கெடுகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தான். சம்பளம் கிடையாது, ஆராயச் சொன்னவரும் கிடையாது. அன்றைக்கு எக்ஸ்ரே எடுத்தால் மண்டை ஓடு வெகு அழகாகத் தெரியும்; உள்ளே இருப்பது தெரியாது. கழுத்துக் குழாயில் மருந்து ஏற்றி எடுத்தால் பெரிய குழாய்கள் தெரியும். முடி போன்றவை தெரியாது. ஆகவே காசிம் கண்ணைப் பிடித்துக்கொண்டான். உடம்பை அறுக்காமல் ரத்தக் குழாயைப் பார்க்க முடிகிற இடம் கண்ணின் உட்புறம். அங்கே ஓடும் குழாய்கள் மூளைக் குழாய்களுக்குப் பங்காளிகள். இங்கே கெட்டிருந்தால் அங்கேயும் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். சிறு விளக்கு வைத்த கருவியால் பார்த்து, பார்த்ததை வண்ணப் பென்சிலில் வரைந்து நான்கு நோட்டுகள் நிரப்பியிருந்தான். எல்லாம் பூசணிக் கொடி போல இருந்தன. என்னைக் கூப்பிட்டது நியாயம்தான்.

வியாழக்கிழமை காலை ஏழே காலுக்கு நானும் காசிமும் ஒரு நோயாளியைப் பார்க்க நிலக்கோட்டை பஸ் ஏறினோம். பதினாறு மைல், எண்பது நயா பைசா, ஒரு மணி நேரம். எதிரே வந்த பஸ்களின் கூரையில் மல்லிகைக் கூடைகள் போய்க்கொண்டிருந்தன. கூடைகளுக்கு ஈரச் சாக்கு போர்த்தியிருந்தார்கள். பயணிகளுக்கு அந்த வசதி இல்லை. நிலக்கோட்டையிலிருந்து மூன்று மைல் மாட்டு வண்டி, ஒரு ரூபாய்.

“வீரணன் வீட்டுக்கா? மருந்து வச்ச வீடு. அங்க தண்ணி கிண்ணி குடிச்சிறாதீக” என்றார் வண்டிக்காரர்.

“வைத்தது யார்?” என்றேன்.

“பொண்டாட்டிதேன். வேற யாரு அம்புட்டு அக்கறையா வைப்பா?”

புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ள மனைவி சோற்றில் எதையோ கலந்து கொடுத்து, அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்குலைக்கிறது என்பது நம்பிக்கை. வீரணன் மல்லிகைத் தோட்டக்காரர், ஐம்பத்தைந்து வயது. இரண்டு வருடமாகக் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். சிரிக்கத் தொடங்கினால் அழுகையில் முடிந்தது. மதுரையில் எக்ஸ்ரே எடுத்துப் படத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். அதுவே சாட்சியாகிவிட்டது: நோவு என்றால் படத்தில் விழும், மருந்துதான் விழாது. வழக்கை நடத்தியவர் வீரணனின் அக்காள் அங்கம்மா. மறுநாள் ஊர்க்கூட்டம். வீரணனின் மனைவி பொன்னுத்தாயியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவதாகப் பேச்சு. அப்புறம், முப்பது வருடம் பூப்பறித்த தோட்டத்தில் அவர் கால் வைக்க முடியாது.

காசிம் வீரணனின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, அரை மணி கழித்து வைக்கோல் அறையின் இருட்டில் உட்காரவைத்தான். முதலில் அவன் பார்த்தான், பிறகு நான். ஆரஞ்சுத் தரையில் ஒரு வெளிறிய நிலா. அதிலிருந்து கிளை பிரிந்த குழாய்கள் இளைத்துச் செம்புக் கம்பி போல மின்னின. அங்கங்கே ரத்தத் தெறிப்பு. ரத்த அழுத்தம் இருநூற்றுப் பத்து. ஒரு மணி நேரம் வரைந்தேன்.

“வயித்துல கெடக்குற மருந்தக் கண்ணுக்குள்ள தேடுற டாக்டர இப்பத்தேன் பாக்குறேன்” என்றார் அங்கம்மா, வாசலிலிருந்தே.

“நீங்களும் ஒக்காருங்கக்கா. செத்த நேரந்தேன்” என்றான் காசிம்.

“நல்லாப் பாருங்க. அவ கையால பச்சத்தண்ணி குடிச்சு ரெண்டு வருசமாச்சு. தனி அடுப்பு, தனிப் பானை.”

அவருக்கும் சொட்டு மருந்து விட்டுக் காத்திருந்து, காசிம் அவர் கண்ணை நெடுநேரம் பார்த்தான். கையில் பட்டையைச் சுற்றி அழுத்தத்தையும் பார்த்தான். என்னிடம் “வரை” என்று மட்டும் சொன்னான்.

முடிந்ததும் இரண்டு படங்களையும் வாசல் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

“இதுல எது தம்பி கண்ணு?” என்றார் அங்கம்மா.

“அது தம்பி கண்ணு. இது ஒங்களுது” என்றான் காசிம்.

“ரெண்டும் ஒன்னு மாதிரியில்ல இருக்கு?”

“ஆமாக்கா. ரெண்டு பேருக்கும் ரத்தக் கொதிப்பு. அது கொழாயக் கெடுத்து வச்சிருக்கு. தனிப் பானையில பொங்கிச் சாப்புடுற ஒங்களுக்கு யாருக்கா மருந்து வச்சது?”

வண்டிக்காரர் மாட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். அங்கம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“எனக்கும் தம்பி மாதிரி ஆயிருமா, அப்பு?”

நான் காசிமை வியந்தது அப்போதுதான். வெற்றிபெற்ற ஆள் பேசுவது போல அவன் பேசவில்லை. “மூளைக்குள்ள பாக்க எங்கிட்ட வழியில்லக்கா. கண்ணு சொல்றத வச்சுத்தேன் சொல்றேன். தம்பிக்குப் போனது திரும்பாது. மேல போகாமப் பாக்கலாம். நீங்க மாத்திரையப் போட்டு உப்பக் கொறச்சா, வராமக்கூட இருக்கும்.”

கதவோரம் நின்ற பொன்னுத்தாயி சொன்னார்: “மதினிக்கு உப்பில்லாம ஆக்கத் தெரியாது. நான் ஆக்கித் தாரேன்.”

மதியம் அங்கம்மா அந்தச் சோற்றைச் சாப்பிட்டார். “உப்பும் இல்ல ஒறப்பும் இல்ல. இதுல மருந்து வச்சா நாக்குக்குத் தெரிஞ்சுருமே” என்று குறைப்பட்டுக்கொண்டே தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இன்னும் கொஞ்சம் கேட்டார்.

ஊர்க்கூட்டம் அறிவித்தபடி நடந்தது. ‘எனக்கும் அதே நோவுதான்’ என்று அங்கம்மா எழுந்து சொன்னதும் வழக்கு விழுந்ததாம். கூடிய கூட்டத்தை வீணாக்காமல் வாய்க்கால் தகராற்றை எடுத்துக்கொண்டார்கள் என்று காசிம் பிறகு எழுதினான்.

போன மாதம் எனக்கே எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். படத்தில் மூளை முழுக்க வெள்ளைப் புள்ளிகள்; சிறு ரத்தக் குழாய் நோய் என்றார்கள். காசிம் வைக்கோல் அறையில் உட்கார்ந்து ஊகித்ததை இயந்திரம் இருபது நிமிடத்தில் காட்டிவிட்டது. சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

நிலக்கோட்டை போகிறவர்கள் பூச்சந்தையைப் பார்க்க விடியற்காலையில் கிளம்புங்கள். சித்திரையில் பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது. பிரியாணி சாப்பிடலாம், ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுங்கள். வீட்டில் யார் மேலாவது பழி போடும் உத்தேசம் இருந்தால், முதலில் உங்கள் கண்ணை ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அரை மணிதான் ஆகும்.