ஒன்பதாம் விதிக்காக நார்த்தாமலைக்கு

காலை 6-30. புதுக்கோட்டையில் பஸ் ஏறினேன். நார்த்தாமலை விலக்குக்குப் பத்து மைல் சொச்சம்; கட்டணம் மூன்றணா. யுத்த காலமாதலால் பெட்ரோலுக்குப் பதிலாகக் கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்ட வண்டி. மேடு வந்தபோதெல்லாம் சமஸ்தான உத்தியோகஸ்தன் என்ற கௌரவத்தை இருக்கையிலேயே வைத்துவிட்டு நானும் இறங்கித் தள்ளினேன்.

"ஐயா என்ன சோலியா வாரீங்க?" என்று கேட்டார் டிரைவர்.

"வேலை செய்கிற இடத்தில் ஆட்களுக்கு அடிபடாமலிருக்கச் சட்டம் எழுதுகிறோம்."

"அப்ப மொதல்ல இந்த அடுப்பைப் பத்தி எழுதுங்க" என்று வெந்துபோன உள்ளங்கையைக் காட்டினார். அவர் சிரித்துக்கொண்டேதான் காட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, குறித்துக்கொண்டேன்.

காலை 8-15. விலக்கில் இறங்கி ஒன்றரை மைல் நடை. கோயிலுக்கு ஏறும் பாதையை விட்டு விலகி, சம்மட்டிச் சத்தம் வந்த பக்கம் போனேன்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பு விதிகள் எழுதும் குழுவுக்கு நான் தலைவன். பன்னிரண்டில் பதினொன்று முடிந்துவிட்டது. ஒன்பதாவது மட்டும் தொண்டையில் சிக்கிய முள். கல்குவாரியில் வேட்டு வெடித்தபின் எவ்வளவு நேரம் கழித்து ஆட்கள் பாறைக்குத் திரும்பலாம்? ஐந்து நிமிடம் போதும் என்று காண்ட்ராக்டர்கள் மனுக் கொடுத்திருந்தார்கள். குழுவில் பாதிப் பேர் அவர்கள் பக்கம். நான் அரைமணி என்று எழுதியிருந்தேன். உண்மையில் அதற்கு என்னிடமும் ஆதாரம் கிடையாது. காகிதத்தில் பார்க்க நன்றாயிருந்தது, அவ்வளவுதான். மறுநாள் காலை கூட்டத்தில் முடிவாகவேண்டும்.

காலை 10-00. ஆறு குழியில் மருந்து கெட்டித்துத் திரி வைத்திருந்தார்கள். பற்றவைப்பவர் சின்னையா, மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். ஜல்லி உடைக்கும் அவருடைய அக்காள் கருப்பாயி எங்களோடு ஒதுங்கி நின்று தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னையா நெருப்பு வைத்துவிட்டு ஓடிவந்தார்.

விரல்விட்டு எண்ணினேன். ஆறு சத்தம். "ஆயிற்றே, போகலாமா?" என்று பக்கத்தில் நின்ற குவாரிக் காண்ட்ராக்டரிடம் கேட்டுவிட்டு ஓரடி எடுத்தும் வைத்தேன். கருப்பாயி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"அங்கிட்டுப் போகாதீங்கய்யா! எத்தனை பொகை பாத்தீங்க?"

"சத்தம் ஆறு வந்ததே?"

"அஞ்சுதான் வேட்டு. ஒண்ணு எதுத்த மலை திருப்பிப் பேசுனது. எங்க வீட்டுக்காரரும் காதை நம்பித்தான் போனாரு."

"இவளுக்கு எப்பவும் இதே பேச்சுங்க" என்று காண்ட்ராக்டர் அலுத்துக்கொண்டார். வெயிலில் நின்றோம். ஏழாவது நிமிடம் ஆறாவது குழி வெடித்தது. நான் போய் நின்றிருக்கவேண்டிய இடத்தில் ஆட்டுக்குட்டி அளவு கல் ஒன்று விழுந்தது.

காண்ட்ராக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரிங்கய்யா, பத்து நிமிசம்னு போட்டுக்கங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவரை விட்டுவிட்டுக் கருப்பாயியிடம் திரும்பினேன். "உன் புருஷனுக்கு எவ்வளவு நேரம் கழித்து வெடித்ததம்மா?"

"கெடியாரமெல்லாம் ஏதுங்க? ஒலையில அரிசி போட்டேன், வேட்டு கேட்டுச்சு. கொஞ்சம் பொறுத்துத்தான் பாறைக்குப் போயிருக்காரு, கல்லு ஒதுக்க. இங்கிட்டு நான் சோத்தை வடிக்கப் போறேன், இன்னொரு சத்தம். ரெண்டு கண்ணும் போச்சு." தம்பியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "இவனுக்காச்சும் பாத்து எழுதுங்கய்யா."

மாலை 6-45. வீடு. என் மனைவி உலையில் அரிசி போட்டபோது கடிகாரத்தோடு அடுப்படியில் போய் நின்றேன்.

"என்னங்க, சோறு வடிக்கிறதுக்கும் சட்டமா?"

மணியைக் குறித்துக்கொண்டேன். ஐந்தாவது நிமிடம் உலை அப்போதுதான் மறுபடி கொதிக்கத் தொடங்கியது. பத்தாவது நிமிடம் அரிசி நறுக்கென்றிருந்தது. கடிகார முள் நகர்ந்துகொண்டேயிருந்தது. அவ்வளவு நேரமும் கருப்பாயியின் புருஷன் பாறையடியில் குனிந்து கல் ஒதுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். முப்பத்திரண்டாவது நிமிடம் அவள் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துவிட்டு, "வெந்துருச்சு" என்றாள்.

முப்பத்திரண்டு! நான் பெருமையாக எழுதிவைத்த அரைமணியை ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தாலும் அவருக்குக் கண் போயிருக்கும்.

கோப்பை எடுத்து என் கையெழுத்தை நானே அடித்தேன். 'ஒரு மணி நேரம். எண்ணுவது புகையை, சத்தத்தை அல்ல' என்று எழுதினேன். ஆதாரம் என்றிருந்த இடத்தில், 'கருப்பாயி, ஜல்லி உடைப்பவர், நார்த்தாமலை'. மறுநாள் கூட்டத்தில் யார் என்ன பேசினாலும் சரி, அதில் ஒரு நிமிடமும் குறைக்க விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் இலையில் உட்கார்ந்தேன்.