கரிந்த மோட்டார்களைப் படித்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறச் சென்று ஓராண்டு நிறைகிறது. நினைவுக் கூட்டத்துக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும், கல்லூரியில் அக்காவுடன் பணிபுரிந்தவர்களுக்கும், அவரிடம் படித்த மாணவ மாணவியருக்கும் தம்பியாகிய என் வணக்கம். நான் போத்தனூர் ரயில் நிலையத்தில் பயணச்சீட்டு கொடுக்கும் வேலையில் இருப்பவன். எழுதிப் பழக்கமில்லை. அக்காவைப் பற்றி எழுத அவருடைய துறையில் தேர்ந்த யாராவது முன்வந்திருந்தால் நான் ஒதுங்கியிருப்பேன். வீட்டில் கூட இருந்து பார்த்தவன் நீதான், நீயே எழுது என்று சொல்லிவிட்டார்கள்.

அக்கா மதுக்கரையில் பிறந்தவர். அப்பா அங்கே சிமெண்ட் மூட்டை ஏற்றும் வேலை செய்தார். அம்மா களை எடுக்கப் போனவர். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து அக்கா பெண்கள் பாலிடெக்னிக்கில் விண்ணப்பித்தபோது மற்றப் பிரிவுகள் நிரம்பிவிட்டன, எலக்ட்ரிகலில் மட்டும் இடம் இருக்கிறது என்றார்கள். சிறு வயது முதலே மின்சாரத்தின் மீது ஆர்வம் என்று எழுதினால் அது பொய். இருந்த இடத்தில் சேர்ந்தார். விருப்பம் பின்னால் வந்தது.

டிப்ளமா கடைசி ஆண்டில் அப்பா நெஞ்சுவலியில் இறந்தார். அக்கா பீளமேட்டுப் பக்கம் ஒரு மோட்டார் தொழிற்சாலையில், பரிசோதனைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தப் பிரிவில் அவர் ஒருவர்தான் பெண். பகலில் வேலை, மாலையில் பகுதிநேர பி.இ. படிப்பு. நாங்கள் போத்தனூருக்குக் குடிவந்தது அப்போதுதான். திருமணப் பேச்சு இரண்டு முறை வந்தது. அக்கா வேண்டாம் என்றார். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பதினெட்டு ஆண்டுகள் அந்தத் தொழிற்சாலையில் இருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவையைச் சுற்றித் தனியார் பொறியியல் கல்லூரிகள் பெருகின. அவற்றில் ஒன்று, மின் இயந்திர ஆய்வகம் அமைக்கத் தொழிற்சாலை அனுபவமுள்ள ஒருவரைத் தேடியது. நேர்முகத் தேர்வுக்கு நான்தான் அக்காவை டிவிஎஸ் 50-இல் கூட்டிச் சென்றேன். வெளியே வந்து சிரித்துக்கொண்டே சொன்னார்:

"நல்ல கம்பெனிய உட்டுப்போட்டு இங்க எதுக்கு வாரீங்கன்னு கேட்டாங்க தம்பி. அங்க மோட்டார் பாஸா பெயிலான்னு மட்டுந்தான் பார்த்தேனுங்க, ஏன் பெயிலாச்சுன்னு பார்க்க நேரம் குடுக்கலைன்னு சொன்னேன்."

வேலை கிடைத்தது. விரிவுரையாளர் ஆனார்.

அந்தத் துறையில் இருந்த மற்றவர்கள் நேராகப் படித்து நேராகக் கற்பிக்க வந்தவர்கள். பெரிய பட்டங்கள் பெற்றவர்கள். அக்காவுக்குப் பட்டம் குறைவு, கை அனுபவம் அதிகம். இதை அவர் மறைத்ததில்லை. கணக்கில் சிக்கல் வந்தால் தம்மைவிட வயதில் இளையவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்பார். இயந்திரம் ஓடாவிட்டால் அவர்கள் அக்காவிடம் வருவார்கள். அவரிடம் படித்துப் பின்னர் அங்கேயே விரிவுரையாளராகச் சேர்ந்த செல்வி சொல்வார்: "மோட்டார் சத்தத்தக் கேட்டே எந்த பேரிங் போச்சுன்னு மேடம் சொல்லிருவாங்க. நாங்க புஸ்தகத்தப் புரட்டிட்டிருப்போம்."

அக்கா சேர்ந்த இரண்டாம் ஆண்டில் கல்லூரிக்கு ஆய்வுக்குழு வந்தது. ஆசிரியர்கள் ஒவ்வொருவரின் படிப்பும் அனுபவமும் பட்டியலாகத் தயாரிக்கப்பட்டது. குழு போன பிறகு முதல்வர் அக்காவைக் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார் என்று அக்கா சொன்னார். "உங்க பதினெட்டு வருசம் எங்களுக்குத் தெரியுதுங்க. அவங்க பட்டியல்ல எம்.இ. இருக்குதா இல்லையான்னுதான் பார்க்கறாங்க. சீக்கிரமா முடிச்சுருங்க. இல்லீன்னா உங்கள ஆய்வகத்துக்கு மட்டுந்தான் வச்சுக்க முடியும்."

ஆய்வகம் அக்காவுக்குப் பிடித்த இடம். ஆனால் வகுப்பை விட அவருக்கு மனமில்லை. நாற்பத்தொரு வயதில் பகுதிநேர எம்.இ. சேர்ந்தார்.

ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருளை எனக்கு விளங்கும்படி சொல்லியிருக்கிறார். நம் பக்கத்துத் தோட்டங்களில் கிணற்று மோட்டார்கள் அடிக்கடி கரிந்துபோகின்றன. விவசாயி கரண்ட்டைத் திட்டுகிறார், மின்வாரியம் மோட்டாரைக் குறை சொல்கிறது, மோட்டார் செய்தவர் விவசாயியைக் கை காட்டுகிறார். உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பி எந்த இடத்தில், எப்படிக் கரிந்திருக்கிறது என்று பார்த்தால் உண்மையான காரணம் தெரிந்துவிடும் என்றார் அக்கா. மோட்டாருக்கு வரும் மூன்று மின் லைனில் ஒன்று அறுந்திருந்தால் ஒரு மாதிரி, மின்னழுத்தம் குறைந்திருந்தால் வேறு மாதிரி. இதற்காகப் பல்லடம், பொள்ளாச்சி, அன்னூர் என்று மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றித் தரும் காயில் கடை கடையாக ஏறி இறங்கினார். விடுமுறை நாளென்றால் நான் ஓட்டுவேன், அவர் பின்னால் கேமராவைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்.

பொள்ளாச்சியில் ஒரு கடைக்காரர் கேட்டார்: "ஏனுங்க அம்மணி, நல்லா ஓடற மோட்டாரப் போட்டோ எடுத்தாக்கூட ஒரு அர்த்தம் இருக்குது. கரிஞ்சதப் போயி எடுக்கறீங்களே?"

"நல்லா இருக்கறவங்கள யாருங்க எக்ஸ்ரே எடுக்கறாங்க?" என்றார் அக்கா. அன்றிலிருந்து அந்தக் கடைக்காரர் கரிந்த மோட்டார் வந்தால் பிரிக்காமல் வைத்துக்கொண்டு கல்லூரிக்கு போன் போடுவார்.

படங்களும் அளவுகளும் சேர்ந்தன. எழுதுவதுதான் பாக்கி. அந்த நேரத்தில்தான் அது தொடங்கியது.

முதலில் வகுப்பில். மோட்டாரின் சுழலும் பாகத்தைக் காட்டி, "இந்த ஜன்னல் எந்தப் பக்கம் சுத்துது?" என்று கேட்டிருக்கிறார். மாணவர்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். மறுநாளும் அப்படியே. வீட்டில் உப்பு கேட்பதற்குச் சாவி கேட்டார். தூக்கக் குறைவு என்று நான் நினைத்தேன். பேசாமல் ஒரு வாரம் லீவு போடுங்கக்கா என்றுகூடச் சொன்னேன். செல்விதான் என்னைத் தேடி ஸ்டேஷனுக்கே வந்து, "அண்ணா, இது அசதி இல்லீங்க, ஸ்கேன் எடுத்துருங்க" என்றார்.

மூளையில் கட்டி. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். அக்கா எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தார். "எந்த இடங்க சார்?" என்று கேட்டார். டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பேச்சுக்கான இடத்த ஒட்டி இருக்குதுங்க. முழுசா எடுத்தா பேச்சு போயிரும். விட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாப் போயிரும்."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஸ்கேன் உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அக்காவே கேட்டார்: "எத்தன மாசங்க சார், எழுதறதுக்கு?"

கட்டியில் எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். பிறகு கதிர் சிகிச்சை. வீட்டுக்கு வந்ததும் அக்கா ஆய்வேட்டைக் கேட்டார். வலது கை வலுவிழந்திருந்தது. அவர் சொல்ல நான் எழுதுவது என்று ஏற்பாடு. சனிக்கிழமைகளில் செல்வி வருவார், அன்று எழுத்து ஓடும். மற்ற நாட்களில் நானும் அக்காவும் மட்டும்.

அக்கா பாதி வாக்கியம் சொல்வார். "மூணுல ஒண்ணு போனா, மீதி ரெண்டுலயும்..." அதோடு நின்றுவிடும். வாய் திறந்திருக்கும், சொல் வராது. அது என்ன சொல் என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. உடன்பிறந்த தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பேனாவைப் பிடித்திருக்கிறேன், அவருக்கு வேண்டிய ஒரு சொல்லை எடுத்துக் கொடுக்க முடியவில்லை. அந்த மேசையில் பட்டது போன்ற அவமானத்தை வாழ்க்கையில் வேறெங்கும் நான் பட்டதில்லை.

செல்வி ஒரு வழி செய்தார். ஆய்வேட்டில் வரக்கூடிய சொற்களையெல்லாம் தாளில் எழுதித் தந்தார். அக்கா நின்றுபோனால் நான் ஒவ்வொன்றாகப் படிப்பேன். சரியான சொல் வந்ததும் அக்கா இடது கையைத் தூக்குவார். சில நாள் மூன்றாவது சொல்லிலேயே கை எழும். சில நாள் தாள் முழுவதும் படித்து முடித்தும் எழாது. "இன்னொரு தடவ படிக்கட்டுங்களாக்கா?" என்பேன். தலையசைப்பார். மறுபடி படிப்பேன். ஒரு நாள் நான்காவது முறை படித்துக்கொண்டிருந்தபோது தாளை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக் கவிழ்த்து வைத்தார். "போதும் தம்பி. நீ சாப்புடு" என்றார். அந்த நான்கு சொற்கள் மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் வந்தன.

ஏழு மாதத்தில் ஆய்வேடு முடிந்தது. வழிகாட்டிப் பேராசிரியர் திருத்தங்களை வீட்டுக்கே வந்து சொன்னார். பைண்டு செய்து சமர்ப்பித்தோம். இனி வாய்மொழித் தேர்வு. எம்.இ. பட்டத்துக்கு ஆய்வை நேரில் விளக்கிப் பதில் சொல்ல வேண்டும். எழுதித் தந்தால் போதாதா, செல்வி பேசலாமா என்றெல்லாம் நான் பேராசிரியரிடம் கேட்டேன். அவர் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு முறை எழுதிப் பார்த்தார். "விதியில எடமில்லைங்க. எனக்கே சொல்லக் கூச்சமா இருக்குது" என்றார்.

அந்த நாள் காலை அக்கா ஊதா நிறச் சேலை கட்டிக்கொண்டார். தலையில் முடி இல்லாததால் முந்தானையைப் போட்டுக்கொண்டார். நடக்கத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்ததால் என்னையும் உள்ளே விட்டார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் வயதானவர். ஆய்வேடு முழுவதும் படித்திருந்தார் என்பது அவர் செருகியிருந்த தாள் துண்டுகளிலேயே தெரிந்தது. இரண்டு படங்களைத் திறந்து வைத்து, "இது ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லுங்க மேடம். மெதுவாச் சொன்னாப் போதும்" என்றார்.

அக்கா முதல் படத்தைத் தொட்டார். "இது... தண்ணி" என்றார். இல்லை என்று தலையை ஆட்டினார். "தண்ணி... வந்து..." மறுபடியும் அதே சொல். பிறகு மூன்று விரல்களை நீட்டி, ஒன்றை மடக்கிக் காட்டினார். இரண்டாவது படத்தைத் தொட்டு மூன்று விரல்களையும் அப்படியே கீழே இறக்கிக் காட்டினார். எனக்கே புரிந்தது. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குப் புரியுதும்மா" என்றார். அடுத்த கேள்வியையும் அடுத்ததையும் கேட்டார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி புரியவில்லையா, பதில் வரவில்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. செல்வி எழுதித் தந்த தாள் என் சட்டைப்பையில் இருந்தது. எடுக்க அனுமதி இல்லை.

எங்களை வெளியே உட்கார வைத்துவிட்டு அரைமணி நேரம் பேசினார்கள். பேராசிரியர் வந்து என்னைத் தனியே அழைத்தார். "பெயில்னு போட யாருக்கும் மனசு வரலீங்க. பாஸ்னும் போட முடியல. மூணு மாசம் தள்ளி வச்சிருக்கோம். அதுக்குள்ள பேச்சு கொஞ்சம் தேறும்" என்றார். தேறாது என்று அவருக்கும் தெரியும். இரக்கப்பட்டுத்தான் அப்படிச் செய்தார்கள். அவர்கள் மேல் எனக்கு இன்றும் வருத்தமில்லை. கோபப்பட ஒருவராவது கிடைத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒன்பதாவது வாரம் அக்கா நினைவு தப்பினார். நான்கு நாட்கள் அப்படியே இருந்தார். ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு, செல்வியும் அம்மாவும் நானும் அருகிலிருக்க, மூச்சு நின்றது. போத்தனூர் கல்லறைத் தோட்டத்துக்கு அவருடைய மாணவர்களே தூக்கிச் சென்றார்கள்.

அடக்கம் முடிந்து மூன்று வாரம் கழித்து, மறு தேர்வுக்கு வரச் சொல்லி அக்கா பெயருக்குக் கடிதம் வந்தது. பதில் எழுதியிருக்கலாம். எனக்கு என்ன தோன்றியதோ, குறிப்பிட்ட நாளில் நேரில் போனேன். அலுவலகத்தில் ஒரு எழுத்தர் பதிவேட்டைத் திறந்து, "கேண்டிடேட் எங்கீங்க?" என்றார். சொன்னேன். அவர் அக்கா பெயருக்கு எதிரே இருந்த கட்டத்தைக் காட்டினார். "வந்தாங்க, வரலை. இது ரெண்டுதாங்க இதுல எழுத முடியும்" என்றார். வரவில்லை என்று எழுதினார். பிறகு எழுந்து போய் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அவருக்கு என் நன்றி.

அறுவை செய்த டாக்டருக்கும், கதிர் சிகிச்சை அறையில் அக்காவின் கையை ஒவ்வொரு முறையும் பிடித்துக்கொண்ட செவிலியருக்கும், ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து ஜெபித்த போதகர் ஐயாவுக்கும், வழிகாட்டிப் பேராசிரியருக்கும், கடையை அடைத்துவிட்டுப் பொள்ளாச்சியிலிருந்து அடக்கத்துக்கு வந்த காயில் கடைக்காரருக்கும், கல்லூரியாருக்கும், மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. செல்விக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். இருந்தாலும் சொல்கிறேன்.

உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள். தேர்வு நாளன்று நாங்கள் வீடு திரும்பியபோது அம்மா வாசலிலேயே நின்று, "பாஸாயிருச்சா சாமி?" என்று கேட்டார். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஆச்சுங்கம்மா என்று சொல்லிவிட்டேன். அம்மா இன்றுவரை அப்படியே நம்பிக்கொண்டிருக்கிறார். வருகிறவர்களிடம் சொல்லிப் பெருமைப்படுகிறார். தயவுசெய்து யாரும் திருத்த வேண்டாம். அவருக்கு எழுத்து தெரியாது. கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு இந்த மலரை என்னிடம் கொடுத்து, அக்காவைப் பற்றி எழுதியதை வாசி என்பார். எந்த இடத்தில் நிறுத்துவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.