தோடம்பழப் பையும் ஊர்வலமும்

சிட்னி, ஜூலை 1973. ஆதிக்குடிகள் தினக் கொண்டாட்டம் என்று லிட்கம் பகுதியில் இருக்கும் நண்பர் சொன்னதை நம்பி, இந்த நாட்டுக்குப் புதிதாக வந்த நான் வந்திருக்கிறேன். கொண்டாட்டத்துக்கு வெறுங்கையோடு போகக்கூடாதே என்று ஒரு பை ஆரஞ்சுத் தோடம்பழமும் கொண்டுவந்திருக்கிறேன். வந்து பார்த்தால், தெருவின் ஒரு பக்கம் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் கொடியோடு ஆதிக்குடி மக்கள். மறுபக்கம் வரிசையாகப் பொலிஸ்.

கொடிக்கம்பைப் பிடித்து நிற்கும் பெண்ணிடம், இதுவா கொண்டாட்டம் என்று கேட்கிறேன்.

"அம்மா காலத்தில இது எங்கட மண் பறிபோனதுக்கான துக்க நாள். பிறகு கவர்மென்ட் மேடை போட்டு, தேத்தண்ணி தந்து, கைதட்டச் சொன்னது. இப்ப எங்களுக்குத் தேத்தண்ணி வேண்டாம், காணி வேணும். அதாலதான் வருசா வருசம் கூட்டம் கூடுது."

ஒரு பொலிஸ்காரன் நேரே என்னிடம் வருகிறான். என் நிறத்தைப் பார்த்து, என்னையும் அவர்களில் ஒருவன் என்றே நினைத்துவிட்டான்.

"பையில என்ன, கல்லா?"

பையின் வாயை அகலத் திறந்து காட்டுகிறேன். ஒரு பழம் உருண்டுபோய் அவன் சப்பாத்தில் முட்டுகிறது. இடுப்பில் தொங்கும் பொல்லுத் தடியில் வைத்த கையை அவன் எடுக்கவில்லை.

அந்தப் பெண் குனிந்து பழத்தை எடுக்கிறாள்.

"எங்களுக்கா?"

"ஓம்."

அவனை விட்டுக் கண்ணெடுக்காமலே என்னிடம் சொல்கிறாள்: "இருநூறு வருசமா எங்கட மண்ணுக்கு ஆக்கள் வாறாங்கள். எங்களுக்கெண்டு ஏதும் கொண்டுவந்த முதல் ஆள் நீங்கள்தான்."